ஜூல் வெர்னைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பது எப்படி: எந்த நூல் முதலில், எது கடைசியில்

சாகச நாவல் கேட்கும் பிள்ளைக்கு, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னைத் தரலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. அலமாரியில் அவர் பெயர் போட்ட ஏதோ ஒரு நூலை எடுத்து, "அருமையான கதை, படிச்சுப் பாரு" என்று நீட்டிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து அது முப்பதாம் பக்கத்தில் காது மடித்த நிலையில் திரும்பி வருகிறது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வெர்ன் பக்கமே போவதில்லை. கோளாறு பெரும்பாலும் வரிசையில்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நூலகப் பாடவேளையைக் கவனிக்கும் ஆசிரியர்கள், ஊரில் வாசிப்பு வட்டம் நடத்துவோர், 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி. நான்கு நூல்கள், ஒரே வரிசை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முதலில் நீங்கள் படித்து முடியுங்கள்

குறைந்தது முதல் நூலையாவது கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். சின்ன வயதில் படித்தது நினைவிருக்கிறது என்று நம்பி இறங்க வேண்டாம். சினிமாவில் பார்த்ததும் கதையும் தலைக்குள் கலந்து கிடக்கும்.

பிள்ளை நடுவில் வந்து "அந்த ஃபிக்ஸ் யாரு, நல்லவனா கெட்டவனா?" என்று கேட்கும்போது, பதில் சொல்லாமல் "எந்த இடத்துல இருக்க?" என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். எந்தப் பக்கத்தில் எந்த முடிச்சு அவிழ்கிறது என்று அறிந்தவரால்தான் அது முடியும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு உலக உருண்டை. இல்லாவிட்டால் பெரிய உலக வரைபடம், கூடவே ஒரு பந்தும் நூல்கண்டும். வெர்ன் கதைகள் பெரும்பாலும் இடம் விட்டு இடம் நகர்பவை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு அவை வெறும் ஊர்ப்பெயர்ப் பட்டியலாகிவிடும்.

முதல் நூலில் இரண்டு பிரதிகள். ஒன்று உங்களிடம், ஒன்று பிள்ளையிடம். வட்டமாக நடத்தினால் மூன்று பேருக்கு ஒன்று போதும். ஐந்து பேருக்கு ஒன்று என்றால் கடைசி இருவர் எட்டிப் பார்ப்பதிலேயே களைத்துவிடுவார்கள்.

மெல்லிய பென்சில் ஒன்றும் வேண்டும், தாண்டிப் போகலாம் என்கிற பக்கங்களின் ஓரத்தில் கோடு போட.

3. பிரதியைச் சோதித்த பிறகு கொடுங்கள்

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. ஒரே நாவலுக்குத் தமிழில் பல தலைப்புகள் உண்டு. ஆசிரியர் பெயரும் ஜூல் வெர்ன், ஜூல்ஸ் வெர்ன், ஜூல்ஸ் வெர்னே என்று பலவிதமாக அச்சாகிறது. நூலகத்திலோ புத்தகத் திருவிழாவிலோ தேடும்போது இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். தலைப்பைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும், நூல் பக்கத்து அடுக்கிலேயே இருந்தாலும்.

அடுத்தது, முழு நூலா சுருக்கமா என்று பாருங்கள். அத்தியாயங்களை எண்ணினால் தெரிந்துவிடும். உலகைச் சுற்றும் கதைக்கு 37, நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் கதைக்கு இரண்டு பாகமும் சேர்த்து 47, மர்மத் தீவுக்கு மூன்று பாகத்திலும் 62. எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனால் அது சுருக்கம். சுருக்கம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. 6ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல சுருக்கமே ஏற்றது. ஆனால் சுருக்கத்தைப் படித்துவிட்டு "வெர்ன் முடிச்சாச்சு" என்று பிள்ளை நினைக்கக் கூடாது. "இதுக்கு ஒரு பெரிய பொஸ்தகம் இருக்கு" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது சோதனை, பெயர்கள். வெர்ன் எழுதியது பிரெஞ்சில். அந்தக் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அவரை நிறையவே வெட்டி மாற்றின. அவற்றிலிருந்து தமிழுக்கு வந்த பிரதிகளில் அந்த வெட்டும் கூடவே வரும். பூமியின் மையத்துக்குப் போகும் கதையில் பேராசிரியர் பெயர் லிடன்புரோக் என்று இருக்க வேண்டும். ஹார்ட்விக் என்று இருந்தால் அது 1871இல் வந்த, தாராளமாகத் திருத்தப்பட்ட ஆங்கிலப் பதிப்பின் வழி வந்தது. மர்மத் தீவில் பொறியாளர் பெயர் சைரஸ் ஸ்மித். சைரஸ் ஹார்டிங் என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், நாட்டிலஸின் தலைவர் கேப்டன் நெமோ பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பேசும் பகுதிகள் நீர்த்துப்போயிருக்கின்றன. நம் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டிய பகுதியே அதுதான். ஏன் என்பது 8ஆம் பகுதியில்.

4. பிள்ளையின் வாசிப்பை ஒரு பக்கத்தில் அளந்துகொள்ளுங்கள்

நூலின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை மெதுவாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கட்டும். ஒரு பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் பிரதி இப்போதைக்கு வேண்டாம். சுருக்கப் பதிப்பைக் கொடுங்கள். பிற நாட்டுப் பெயர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை எல்லாருக்கும் தடுக்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் கதையைக் கேட்டு மிக வேகமாகப் புரிந்துகொள்வார்கள், தமிழ் எழுத்தில் படிக்கும்போது தயங்குவார்கள். இந்த அளவுகோலை வைத்து அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு அத்தியாயம் நீங்கள் படித்துக் காட்டி, அடுத்ததை அவர்கள் படிக்கும்படி மாற்றி மாற்றிப் போனால் நான்காவது அத்தியாயத்துக்குள் தயக்கம் குறையும்.

5. முதல் நூல்: 80 நாளில் உலகைச் சுற்றும் கதை

1872இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1873இல் நூலானது. இதை முதலில் கொடுக்கக் காரணங்கள் உண்டு. பந்தயம் என்பதால் கதையின் இலக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அத்தியாயங்கள் சின்னவை. வெர்னின் மற்ற நூல்களில் வரும் நீண்ட அறிவியல் விளக்கம் இதில் குறைவு. முக்கியமாக, கதை இந்தியாவுக்கு வருகிறது.

அறிமுகம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்தாளரின் வாழ்க்கை, "அறிவியல் புனைகதையின் தந்தை" இதெல்லாம் வேண்டாம். உருண்டையில் லண்டனைத் தொட்டுக் காட்டுங்கள். "1872 அக்டோபர் 2, ராத்திரி 8.45. ஒரு மனுஷன் ரயில் ஏறுறான். 80 நாள்ல உலகத்தைச் சுத்தி இதே ஊருக்குத் திரும்பணும். 20,000 பவுண்டு பந்தயம். விமானம் கிடையாது." இவ்வளவு போதும். பிறகு எந்த வழியாகப் போவான் என்று பிள்ளைகளையே நூல்கண்டை வைத்து உருண்டையில் ஓட்டச் சொல்லுங்கள். கடல் குறுக்கிடும் இடத்தில் அவர்களே நின்று யோசிப்பார்கள்.

அடுத்து 3ஆம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள். பந்தயம் கட்டுவது அங்கேதான். முதல் இரண்டு அத்தியாயங்கள் பந்தயம் கட்டும் பிலியஸ் ஃபாக்கின் வீட்டு ஒழுங்கையும் புது வேலைக்காரன் பாஸ்பார்த்துவையும் பற்றியவை. அவற்றைப் பிள்ளை பிறகு தானே படித்துக்கொள்ளும். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்த நூலைப் பலரிடம் கெடுத்திருக்கிறது.

இரண்டாவதாகப் படித்துக் காட்ட வேண்டியது 11ஆம் அத்தியாயம். பம்பாயிலிருந்து கல்கத்தா போகும் ரயில் நடுக்காட்டில் நின்றுவிடுகிறது. தண்டவாளம் அதற்கு மேல் போடவே இல்லை. அலகாபாத் வரை 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர், பயணிகள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை மட்டும் கல்கத்தா வரைக்கும் விற்றிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி நகரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாவட்டத் தலைநகராக இருந்தும் அந்த ஊருக்கு இன்றும் ரயில் கிடையாது.

அங்கே ஃபாக் ஒரு யானையை விலைபேசுகிறார். மணிக்கு 10 பவுண்டு வாடகை, வேண்டாம். 20, வேண்டாம். 40, அதற்கும் தலையசைக்கவில்லை. பிறகு மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று 1,000 பவுண்டில் தொடங்கி, 1,200, 1,500, 1,800 என்று ஏறி 2,000இல் முடிகிறது. இந்தப் பக்கத்தை இரண்டு பிள்ளைகளை வைத்து நடிக்கச் சொல்லுங்கள், ஒருவர் ஃபாக், ஒருவர் யானைக்காரர். போச்சம்பள்ளி சந்தையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பேரம் நடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை யானைக்காரராக நின்றால், அடுத்த அத்தியாயத்தை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொள்வார்கள்.

புத்திசாலிப் பிள்ளை ஒன்று "நிஜமாவே ரயில் அங்க நின்னுச்சா?" என்று கேட்கும். உண்மையில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ரயில் பாதை 1870இலேயே இணைந்துவிட்டது. யானையைக் கொண்டுவருவதற்காக வெர்ன் அந்த 50 மைலைத் தன் கதையில் விட்டுவைத்தார். இதைச் சொன்னால் கதையின் சுவை குறையாது. எழுத்தாளர் எப்படி வேலை செய்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும்.

12, 13ஆம் அத்தியாயங்களில் உடன்கட்டை வருகிறது. இதைத் தாண்டிப் போகாதீர்கள், முன்கூட்டியே இரண்டு வாக்கியம் சொல்லிவையுங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1829இலேயே சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது என்பதையும், வெர்ன் ஐரோப்பியர் கண்ணால் இந்தியாவைப் பார்க்கிறார் என்பதையும் சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால், பிள்ளை குழம்பிப்போய் நூலை மூடிவிடும், அல்லது அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் அப்படித்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

கடைசி முடிச்சை எந்தக் காரணம் கொண்டும் முன்னாலேயே அவிழ்க்காதீர்கள். படித்து முடித்த அன்றைக்கு உருண்டையை மறுபடி எடுங்கள். பூமி முழுச் சுற்று 360 பாகை. ஒரு பாகை கிழக்கே போனால் சூரியன் 4 நிமிடம் முன்னால் வருகிறது. 360 பெருக்கல் 4, 1,440 நிமிடம். சரியாக 24 மணி நேரம். கிழக்கே போய்க்கொண்டே இருந்த ஃபாக்குக்கு 80 நாள். லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 79. இந்தக் கணக்கைப் பலகையில் பிள்ளையே போட வேண்டும். நீங்கள் போட்டுக் காட்டினால் அது கணக்குப் பாடமாகிவிடும்.

6. இரண்டாவது: பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்

1864இல் வெளிவந்தது. இதில் மூன்றே பேர்தான் முக்கியம்: பேராசிரியர், அவர் உடன்பிறந்தார் மகன் ஆக்ஸல், வழிகாட்டி ஹான்ஸ். ஆக்ஸலே கதை சொல்கிறான், பயந்துகொண்டே சொல்கிறான். தன்னைப் போலப் பயப்படுகிற ஒருவனோடு போவது பிள்ளைக்குத் தெம்பு.

கதை ஒரு சங்கேத எழுத்தில் தொடங்குகிறது. அதனால் நூலைக் கொடுப்பதற்கு முதல் நாள் பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்விடுங்கள்:

வாம்கலநூம்யதிமளிள்வெ

பின்னாலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்தால் "வெள்ளி மதியம் நூலகம் வா". இதை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். தமிழில் திருப்பிப் போட வேண்டியது முழு எழுத்தை. "வெ" என்பது ஒரே எழுத்து, "ள்" புள்ளியோடு ஒரே எழுத்து. கொம்பையும் புள்ளியையும் தனியே பிரித்து எழுதினால் யாராலும் படிக்க முடியாது. கதையிலும் விடை கிடைப்பது இதே வழியில்தான். ஆக்ஸல் காகிதத்தை விசிறிக்கொள்ளும்போது பின்பக்கம் கண்ணில் படுகிறது. ஆனால் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

இறங்குவது ஐஸ்லாந்தின் எரிமலை ஒன்றில், வெளியே வருவது இத்தாலியின் ஸ்ட்ரோம்போலியில். இரண்டையும் உருண்டையில் முன்கூட்டியே காட்ட வேண்டாம், முதலாவதை மட்டும் காட்டுங்கள்.

இது உண்மையில் நடக்காது என்பதைப் படித்த பிறகு பேசலாம். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத ஊர்களில் நம் பிள்ளைகளுக்கு ஆழம் என்றால் என்ன என்று தெரியும். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, 12,262 மீட்டர். அந்த ஆயிரம் அடி போரைப் போல 40 மடங்கு. அந்த ஆழத்தில் வெப்பம் 180 பாகை செல்சியஸ். மையமோ ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது.

7. மூன்றாவது: கடலடியில் நாட்டிலஸ்

வெர்னின் பெயரைக் கேட்டதும் எல்லாரும் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். முப்பதாம் பக்கத்தில் காது மடிந்து வருவதும் பெரும்பாலும் இதுதான். 1869, 1870இல் வந்த இந்த நாவலில் மீன் வகைகளை வரிசைப்படுத்தும் பத்திகள் ஏராளம். கொன்சேய் என்ற பாத்திரத்துக்கு வகைப்படுத்துவதே வேலை. இந்தப் பத்திகளின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டுக் கொடுங்கள், "கோடு போட்ட இடத்தைத் தாண்டினா கதை கெடாது" என்று சொல்லிவிடுங்கள். தாண்டிப் படிக்க அனுமதி உண்டு என்று தெரிந்ததும் பல பிள்ளைகள் ஆசையோடு அதையும் படிக்கிறார்கள்.

"கடலுக்கடியில் 20,000 லீக்" என்ற மூலத் தலைப்பில் உள்ள எண்ணை ஆழம் என்று எடுத்துக்கொள்வது அநேகமாக எல்லாரும் செய்யும் பிழை, ஆசிரியர்கள் உட்பட. அது கடலுக்கடியில் பயணம் செய்த தூரம். ஒரு லீக் 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு முறை சுற்றும் தூரம். கடலின் மிக ஆழமான இடமே 11 கிலோமீட்டர்தான்.

முதல் பாகம் மெதுவாக நகரும். பிள்ளை சோர்ந்தால் இரண்டாம் பாகத்தின் 3ஆம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஒரு ஏழை இந்தியரைச் சுறா தாக்குகிறது. நெமோ கையில் கத்தியோடு குறுக்கே பாய்கிறார். காப்பாற்றிய பிறகு அந்த இந்தியரின் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒடுக்கப்பட்ட நாட்டு மனிதர் அவர், நானும் அந்த மக்களில் ஒருவன் என்ற பொருளில் நெமோ பேசுவது இங்கேதான். இந்த வரியைப் படித்ததும் நிறுத்துங்கள். விளக்க வேண்டாம். "இவர் ஏன் அப்படிச் சொல்றாரு?" என்ற கேள்வி பிள்ளையிடம் அப்படியே தங்கட்டும். அடுத்த நூலுக்கு இழுத்துப்போவது அந்தக் கேள்விதான்.

8. கடைசியில்: மர்மத் தீவு

1874, 1875இல் வந்தது. நான்கில் இதுவே பெரியது. இதை முன்னால் கொடுத்தால் நாட்டிலஸ் கதையின் பெரிய ரகசியம் போய்விடும். வரிசையை மாற்றாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நெமோ யார்? புந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் மருமகன்முறை உறவு, 1857 எழுச்சியில் போராடித் தோற்றவர் என்று இந்த நூலின் முடிவில் வெர்ன் சொல்கிறார். இது முழுக்கக் கற்பனை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு இது வேறு மாதிரி விழும். இந்த மண் பாராமகால் என்ற பெயரில் திப்புவிடம் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பார்க்கிற பிள்ளையிடம், நூலை முடித்த அன்றைக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு நாள் முன்னால் கூடச் சொல்லாதீர்கள்.

நாட்டிலஸ் கதைக்கும் மர்மத் தீவுக்கும் காலக்கணக்கு ஒத்துவராது. உன்னிப்பான பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். "ஆமாம், வெர்ன் அங்க தப்பு பண்ணிட்டாரு" என்று ஒப்புக்கொள்ளுங்கள், சமாளிக்க வேண்டாம்.

கனமான நூல் என்பதால் தொடங்கிவைக்க ஒரு காட்சி வேண்டும். ஆளில்லாத தீவில் கையில் ஒன்றுமே இல்லாமல் விழுந்தவர்களிடம், சட்டைத் துணியின் உட்புறத்தில் ஒரே ஒரு கோதுமை மணி கிடைக்கிறது. தூக்கி எறியப் போகிறவனைப் பொறியாளர் தடுத்துக் கணக்குப் போடுகிறார். ஒரு மணிக்குப் பத்துக் கதிர், கதிருக்கு 80 மணி. முதல் அறுவடை 800. இரண்டாவது 6,40,000. மூன்றாவது 51 கோடியே 20 லட்சம். நான்காவதைப் பிள்ளையே போடட்டும். எத்தனை பூச்சியம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் வரை விடுங்கள்.

இந்தக் கணக்கை ஒரு ராகி மணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் உடனே திருத்துவார்கள்: மழை வரலேன்னா, பன்னி தின்னா, குருவி தின்னா என்று. அந்தத் திருத்தங்களில் சில நூலுக்குள்ளும் வருகின்றன. தீவில் அவர்களும் பறவையை விரட்டித்தான் விளைவிக்கிறார்கள்.

கடிகாரக் கண்ணாடி இரண்டைச் சேர்த்து, நடுவில் தண்ணீர் ஊற்றி, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்துத் தீ மூட்டும் காட்சியும் உண்டு. பிள்ளைகள் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். பெரியவர் கூட இருக்கும்போது, திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு மட்டும். வைக்கோல்போர் பக்கமோ காய்ந்த கரட்டிலோ வேண்டவே வேண்டாம்.

9. எந்த மாதத்தில் எது

கோடை விடுமுறையில் பெரிய நூலைக் கொடுக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. இங்கே அது பலிக்காது. காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் பக்கம் மே, ஜூன் மாங்காய்ப் பருவம்; தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காலாண்டு விடுமுறைக்கு முன்னால் முதல் நூல், அரையாண்டுக்குள் இரண்டாவது, ஆண்டுத் தேர்வுக்கு முன் மூன்றாவது. மர்மத் தீவை அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்துக்கு வையுங்கள்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் மூன்றாம் நாள் நின்றுவிடும்.

10. நடுவில் நின்றுவிட்டால்

எந்தப் பக்கத்தில் நின்றது என்று கேளுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். ஏன் என்றால் "நேரமில்ல" என்றுதான் வரும். பக்க எண் தெரிந்தால் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்: மீன் பட்டியலா, ஊர்ப்பெயர் நெரிசலா, புரியாத சொல்லா. அடுத்த விறுவிறுப்பான அத்தியாயத்தைப் படித்துக் காட்டி, அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள்.

இரண்டு முறை நின்றால் நூலைத் திரும்ப வாங்கிவிடுங்கள், கோபமில்லாமல். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை தானே கேட்டு வருவது உண்டு.

ஆப்பிரிக்கர்களையும் கறுப்பின மக்களையும் பற்றி வெர்ன் எழுதிய சில வரிகள் இன்று படிக்கக் கூசும். பலூனில் ஆப்பிரிக்காவைக் கடக்கும் அவருடைய முதல் நாவலை (1863) இந்த வரிசையில் சேர்க்காமல் விட்டதற்கு அதுவே காரணம். 15 சிறுவர்கள் ஒரு தீவில் தனியாக மாட்டிக்கொள்ளும் 1888ஆம் ஆண்டு நாவலை, கிடைத்தால், 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாவது நூலாகவே தரலாம். அதில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும்போது மோக்கோ என்ற கறுப்பினச் சிறுவனுக்கு மட்டும் ஓட்டு இல்லை. அந்தப் பக்கம் வரும்போது, "இது சரியா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் பேசி முடிக்கும் வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.